மடி முதல் மத்து வரை: பழைய பால் கருவிகளோடு எங்கள் அனுபவங்கள்

தொடங்கி வைப்பவர், பழம்பொருள் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்:

பண்ணைக் கருவிகளைத் துடைத்து, அளந்து, பதிவேட்டில் எழுதி வைப்பதே பல ஆண்டுகளாக என் வேலை. ஏரின் முன்னும் அரிவாளின் முன்னும் நெடுநேரம் நின்று பேசும் பார்வையாளர்கள், பால் கருவிகள் வைக்கப்பட்டிருக்கும் அறையைச் சட்டென்று கடந்து விடுகிறார்கள். ஓர் அகன்ற தட்டும் ஒரு துளைக்கரண்டியும் என்ன சொல்லிவிடப் போகின்றன என்று அவர்கள் எண்ணுவதாகத் தோன்றுகிறது. எனக்கோ அந்த அறைதான் எல்லாவற்றிலும் அறிவு செறிந்த அறை. இத்தகைய கருவிகளைக் கையால் தொட்டுப் பழகிய நண்பர்கள், தமக்கு நேர்ந்த அனுபவத்தை ஆளுக்கொன்றாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, நானே தொடங்குகிறேன்.

என்னை முதலில் நிறுத்திச் சிந்திக்க வைத்தது, ஏடு படிவதற்காகப் பாலை ஊற்றி வைக்கும் மண் தட்டு. வாய் மிக அகலமாக இருக்கும்; ஆழம் ஒரு சாண்கூட இராது. இவ்வளவு இடத்தை அடைக்கும் பாத்திரத்தை ஒரு பண்ணையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்களே, அதற்குப் பதிலாக உயரமான நாலு பானைகள் போதாதா என்று நானும் எண்ணியதுண்டு. விடை பாலிலேயே இருக்கிறது. பாலின் கொழுப்பு மிக நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. சராசரியாக 3 அல்லது 4 மைக்ரான் விட்டமுள்ள அந்த உருண்டைகள் நீரைவிட இலேசானவை என்பதால் மெல்ல மெல்ல மேலே ஏறி ஏடாகப் படிகின்றன. பால் புளித்துக் கெட்டியாவதற்குள் அவை மேற்பரப்பை அடைந்துவிட வேண்டும். ஆழம் குறைவாக இருந்தால் ஏற வேண்டிய தூரமும் குறைவு. எனவே பாலை 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றி, 24 முதல் 36 மணி நேரம் குளிர்ந்த அறையில் அசையாமல் வைத்தார்கள். பசும்பாலில் உள்ள ஒரு வகைப் புரதம், குளிர்ச்சியில் கொழுப்பு உருண்டைகளைக் கொத்துக்கொத்தாகச் சேர்த்துவிடுவதால் அதில் ஏடு விரைவாக எழும். அந்த உதவி இல்லாத ஆட்டுப்பாலில் ஏடு மிகவும் தாமதமாகவே படியும்.

துளைக்கரண்டியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பித்தளையிலோ மரத்திலோ செய்த, ஆழமற்ற, வட்டமான கரண்டி அது. ஏட்டின் அடியில் அதை வழுக்கிக் கொண்டுபோய்த் தூக்கினால், மெல்லிய பால் துளைகள் வழியே ஒழுகிவிடும், கெட்டியான ஏடு மட்டும் தங்கிவிடும். துளை சற்றே பெரிதானால் ஏடும் ஒழுகும். சற்றே சிறிதானால் பால் வடியாது. அந்த அளவைத் தட்டாரும் தச்சரும் எந்த அளவுகோலும் இல்லாமல் அறிந்திருந்தார்கள் என்பது இன்றும் எனக்கு வியப்புத்தான்.

இந்தத் தட்டுகளில் கவலைக்குரிய ஒன்றும் உண்டு. பல மண் தட்டுகளுக்குக் காரீயம் என்னும் நச்சு உலோகம் கலந்த மெருகு பூசப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் ஈயத் தகடு பொருத்திய தொட்டிகளிலேயே பாலை ஊற்றி வைத்தவர்களும் இருந்தார்கள். ஈயம் பாலைக் குளிர்ச்சியாக வைத்தது என்பது உண்மை. ஆனால் பால் புளிக்கும்போது உண்டாகும் அமிலம் ஈயத்தைக் கரைத்து ஏட்டோடு கலந்துவிடும். பழமையைப் போற்றும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

1860களில் சுவீடனில் சுவார்ட்ஸ் என்பவர், ஆழம் குறைந்த தட்டு என்ற இந்த நெடுங்கால ஏற்பாட்டையே தலைகீழாக மாற்றினார். உயரமான தகரக் கலங்களில் பாலை நிரப்பி, அவற்றைப் பனிக்கட்டி கலந்த நீரில் இறக்கி வைத்தார். குளிர்ச்சி புளிப்பைத் தடுத்ததோடு கொழுப்பு உருண்டைகள் ஒன்றுசேர்வதையும் விரைவுபடுத்தியதால், ஆழம் கூடியிருந்தும் ஏடு அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் படிந்தது.

கறவையோடு வளர்ந்தவர்:

ஐயா தட்டிலிருந்து தொடங்கியிருக்கிறார். பால் அங்கே வந்து சேர்வதற்கு முந்தைய வேலையைப் பற்றி நான் எழுதலாம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் கையால் கறப்பதை எனக்குக் கற்றுத் தந்தவர் என் அத்தை. அவர் முதலில் கற்றுக் கொடுத்தது கறப்பதை அல்ல, காத்திருப்பதை. மாட்டின் அருகில் சென்று, பேச்சுக் கொடுத்து, மடியைக் கழுவித் தடவிவிட்டு, மாடு பால் விடும் வரை பொறுத்திருக்கச் சொல்வார். அதன் காரணம் பின்னாளில் படித்தபோது விளங்கியது. காம்பைத் தொட்டதும் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மடியை அடைந்து, நுண்ணறைகளில் இருக்கும் பாலைப் பிழிந்து கீழே தள்ளுகிறது. அதன் வேகம் சில நிமிடங்களே நீடிக்கும். அதற்குள் கறந்து முடித்துவிட வேண்டும். மாடு மிரண்டால் சுரப்பு நின்றுவிடும். அதட்டிக் கறப்பவருக்குப் பால் குறைவதன் இரகசியம் இதுதான்.

கறக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் காம்பின் மேற்பகுதியை முதலில் அடைத்துக்கொண்டு, மற்ற விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக மடக்க வேண்டும். மேலே அடைக்காமல் அழுத்தினால் பால் மடிக்கே திரும்பிவிடும். வெறுமனே இழுத்துக் கறந்தால் காம்பு புண்படும். அத்தை கடைசியாக வரும் பாலை ஒரு சொட்டும் விடாமல் ஒட்டக் கறந்துவிடுவார். முதலில் வரும் பால் நீர்த்தும், கடைசியில் வரும் பால் மிகக் கொழுப்பாகவும் இருக்கும் என்பதால், அந்தக் கடைசிக் கறவையை விட்டுவிடுபவர் வெண்ணெயில் பெரும்பங்கை மடியிலேயே விட்டுவிடுகிறார்.

கறவை முக்காலியைப் பற்றி ஒரு சொல்: மேடு பள்ளமான தொழுவத் தரையில் நான்கு கால்கள் ஆடும், மூன்று கால்கள் ஆடாமல் நிற்கும், மாடு உதைக்க எழும்பினால் ஒரே அசைவில் விலகிக்கொள்ளவும் முடியும். வேறு விளக்கம் தேவையில்லை.

தொல்லியல் படிப்பவர்:

மேலே கறவையைப் பற்றி அம்மா எழுதியதைப் படித்தபோது, ஈராக்கில் தெல் அல் உபைது என்னும் இடத்தில் கிடைத்த ஒரு சிற்ப வரிசை நினைவுக்கு வந்தது. நின்ஹுர்சாக் என்னும் பெண் தெய்வத்தின் கோயிலை அணிசெய்த அந்த வரிசை ஏறத்தாழ கி.மு. 2500ஐச் சேர்ந்தது. அதன் நிழற்படத்தை முதன்முதலில் கூர்ந்து நோக்கிய நாளில் நான் நெடுநேரம் அதைவிட்டு அகலவில்லை. கன்று பசுவின் முன்னே கட்டப்பட்டிருக்கிறது. கறப்பவர் பசுவின் பின்புறம் அமர்ந்து கறக்கிறார். அடுத்த பகுதியில் பாலை வடிகட்டுகிறார்கள். ஒருவர் பெரிய சாடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். கன்றைக் கண்முன் நிறுத்திச் சுரக்கச் செய்வதும், வடிகட்டுவதும், ஆட்டிக் கடைவதும் ஒரே வரிசையில் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அதைவிடவும் பழமையான சான்றுகள் பானை ஓடுகளில் இருக்கின்றன. போலந்தின் குயாவியா பகுதியில், ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முற்பட்ட, சிறு துளைகள் நிறைந்த பானை ஓடுகள் கிடைத்திருந்தன. அவை தயிர்க்கட்டியிலிருந்து நீரை வடிக்கும் சல்லடைகளாக இருக்கலாம் என்று பீட்டர் போகுக்கி என்னும் ஆய்வாளர் 1980களிலேயே எழுதினார். அப்போது அது ஒரு கருத்து மட்டுமே. ஓட்டின் நுண்துளைகளுக்குள் ஊறியிருந்த கொழுப்பைப் பிரித்தெடுத்துப் பகுத்தாய்ந்து, அது பாற்கொழுப்பே என்று 2012இல் வெளியிட்டார்கள். எத்தனையோ ஆயிரம் ஆண்டு மழையும் மண்ணும் கழுவிய பின்னும் பாலின் தடம் களிமண்ணில் தங்கியிருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் சதுப்பு நிலங்களைத் தோண்டும்போது, மரப் பாத்திரங்களில் இட்டுப் புதைத்த வெண்ணெய்த் திரள்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் சில 3000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. குளிர்ச்சியும் அமிலத்தன்மையும் கொண்ட, காற்றுப் புகாத அந்தச் சேறு அவற்றைக் காத்து வைத்திருக்கிறது. சேமிப்புக்காகப் புதைத்தார்களா, காணிக்கையாகப் புதைத்தார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. கலத்தோடு சேர்த்துக் கிடைப்பதால், அக்காலத்து மரவேலையையும் அவை நமக்குக் காட்டுகின்றன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வெண்ணெய் கடைந்து பழகியவர்:

பழைய பண்ணை ஒன்றைச் செயல்முறை விளக்கக் கூடமாக மாற்றியிருந்த இடத்தில், கடைசல் பகுதியில் நான் வேலை செய்தேன். கயிறு சுற்றி இழுக்கும் மத்து, குத்துக்கோல் வைத்த உயர்ந்த மரத்தாழி, கைப்பிடியால் தலைகீழாகச் சுழலும் பீப்பாய், கட்டித் தொங்கவிட்டு ஆட்டும் தோற்பை ஆகிய நான்கையும் அங்கே மாறி மாறிப் பயன்படுத்தினோம். உருவத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போல் தோன்றினாலும் நான்கும் செய்வது ஒரே வேலையைத்தான். ஒவ்வொரு கொழுப்பு உருண்டையையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அலைத்து அலைத்து அந்தச் சவ்வைக் கிழித்தால் கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குக் காற்றும் வேண்டும். ஆகையால் தாழியைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நிறைய ஊற்றினால் நிறைய வெண்ணெய் வரும் என்று நினைப்பவர்கள், கை ஓய்ந்த பின்னும் வெறும் நுரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது வெப்பநிலை. ஏட்டைக் கடைய 10 முதல் 15 டிகிரி செல்சியசு ஏற்றது. அதைவிடச் சூடேறினால் கொழுப்பு இளகி, வெண்ணெய் பிசுபிசுவென்று வந்து, மோரோடும் நிறையப் போய்விடும். மிகவும் குளிர்ந்தால் கொழுப்பு இறுகி, எவ்வளவு கடைந்தாலும் ஒட்டாது. வெப்பமானி வருவதற்கு முன் இதைக் கையும் காதும்தான் சொல்லின. பிரிட்டனிலும் அயர்லாந்திலும், வெண்ணெய் திரளாத நாளில் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று கருதி, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கோலைத் தாழிக்குள் நுழைப்பது வழக்கமாக இருந்தது. பல சமயம் வெண்ணெய் திரண்டும் இருக்கும். காரணம் சூனியம் நீங்கியது அல்ல, குளிர்ந்து கிடந்த ஏட்டுக்குச் சற்றுச் சூடு கிடைத்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விளக்கம் தவறாக இருந்தாலும், செய்கை வேலை செய்தது.

திரளும் கணத்தை நான் ஒருபோதும் சலிப்போடு கடந்ததில்லை. அதுவரை கனமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஓசை திடீரென மாறும். கெட்டியாக இருந்தது பிரிந்து, நீர் அலம்பும் சத்தம் எழும். தாழியின் சுவரில் ஒட்டியிருந்த ஏடு கழன்று விழும். மூடியைத் திறந்தால் நெல்மணி அளவில் மஞ்சள் குருணைகள் மோரில் மிதக்கும். அங்கே நிறுத்த வேண்டும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததுபோல என்று நம் பெரியவர்கள் சொன்னது அந்தக் கணத்தின் அருமையை அறிந்துதான். மேலும் கடைந்தால் குருணைகள் ஒன்றாகித் தம்முள் மோரை அடைத்துக்கொள்ளும். மோர் தங்கிய வெண்ணெய் விரைவில் கெட்டுவிடும். மோரை வடித்துவிட்டுத் தண்ணீர் தெளிவாக வரும்வரை குளிர்ந்த நீரில் அலசிய பிறகே பிசைய வேண்டும்.

பிசைவதற்கு வரிவரியாகக் கோடு வெட்டிய இரண்டு மரத்தட்டைகள் உண்டு. உடலின் சூடு வெண்ணெயை இளக்கும் என்பதால் கை படாமல் அவற்றாலேயே தட்டி, மடித்து, நீரை வெளியேற்றுவோம். அவற்றைக் கொதிநீரில் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் ஊறவைத்தால்தான் வெண்ணெய் ஒட்டாது. நீர் குடித்த மரத்தின்மேல் கொழுப்பு பற்றுவதில்லை. ஐரோப்பாவில் இதற்கு மணமோ நிறமோ விடாத சைக்கமோர், பீச் (beech) போன்ற மரங்களையே தேர்ந்தெடுத்தார்கள். பால் வாளிகளும் தாழிகளும் செய்வதற்கென்றே தனிக் கூட்டத் தச்சர்கள் இருந்தார்கள். கடைசியாக, பசு, அன்னம், கோதுமைக் கதிர் என்று குடைந்து செதுக்கிய அச்சில் வெண்ணெயை அழுத்தி எடுப்பார்கள். சந்தையில் எந்தப் பண்ணையின் வெண்ணெய் என்று வாங்குபவர் அந்த அச்சைக் கண்டே அறிந்தார். ஒரு கிலோ வெண்ணெய்க்கு ஏறத்தாழ 20 லிட்டர் பசும்பால் வேண்டும் என்பதை எண்ணினால், அந்தச் சிறு அச்சுக்குப் பின்னால் எத்தனை கறவையும் எத்தனை தட்டும் இருந்தன என்பது புரியும். இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள் என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அச்சில் பண்ணையின் அடையாளம் இருந்தது. கடைந்தவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை.

இயந்திரம் பழுது பார்ப்பவர்:

எனக்கு வந்து சேர்ந்தது கையால் சுற்றும் ஏடு பிரிக்கும் இயந்திரம். பல்லாண்டு துருவேறிக் கிடந்த அதைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாகத் துலக்கினேன். மேலே பால் ஊற்றும் தொட்டி, கீழே ஒரு கிண்ணம், பக்கத்தில் பற்சக்கரங்கள். கைப்பிடியை நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முறை சுற்றினால், உள்ளே கிண்ணம் 6000 முறைக்கு மேல் சுழலும். அந்தச் சுழற்சியில் கனமான பால் விளிம்புக்கும் இலேசான கொழுப்பு நடுவுக்கும் ஒதுங்கி, இரண்டு குழாய்கள் வழியே தனித்தனியாக ஓடிவரும். கைப்பிடியில் ஒரு சிறு மணி பொருத்தப்பட்டிருந்தது. தேவையான வேகம் வரும்வரை அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒலித்துக்கொண்டே இருக்கும். வேகம் வந்ததும் ஓய்ந்துவிடும். அப்போதுதான் பாலைத் திறந்துவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிழையின்றி இயக்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

சுழற்றிப் பிரிக்கும் எண்ணம் அதற்கு முன்பே ஜெர்மனியில் இருந்தது. ஆனால் அங்கே செய்த இயந்திரங்களை நிறுத்தி நிறுத்தித்தான் ஏட்டை எடுக்க வேண்டியிருந்தது. பால் இடைவிடாமல் உள்ளே போய், ஏடும் பாலும் இடைவிடாமல் வெளியே வரும் இயந்திரத்தை 1878இல் உருவாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் டி லாவல். 1880களின் இறுதியில் பெக்டோல்ஷைம் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்த கூம்புத் தகடுகளைக் கிண்ணத்துக்குள் அடுக்கிய பிறகு அதன் திறன் பன்மடங்கு உயர்ந்தது. தகடுகள் பாலை மெல்லிய படலங்களாகப் பிரித்துவிடுவதால் கொழுப்பு நகர வேண்டிய தூரம் மிகவும் சுருங்கிவிடுகிறது. இதைத் துலக்கியபோதுதான், தொடங்கி வைத்த ஐயா சொன்ன ஆழமற்ற தட்டும் இந்தத் தகடும் ஒரே கணக்கைப் போடுகின்றன என்று உணர்ந்தேன்.

தட்டில் ஏடு எடுத்த பின்னும் பாலில் கணிசமான கொழுப்பு தங்கிவிடும். நல்ல இயந்திரத்தில் அது 0.1 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். ஒன்றரை நாள் காத்திருந்த வேலை கறந்த சூட்டோடு முடிந்தது. ஏடு நீக்கிய பாலும் புளிக்காமல் அன்றே கன்றுகளுக்குக் கிடைத்தது. ஆனால் ஒரு புதிய சுமையும் வந்தது. அத்தனை தகடுகளையும் ஒவ்வொரு வேளையும் பிரித்து, கழுவி, காயவைத்து, திரும்ப அடுக்க வேண்டும். ஒரு வேளை தவறினாலும் இடுக்கில் தங்கிய பால் அடுத்த வேளைப் பாலைக் கெடுத்துவிடும். அந்தக் கழுவலும் வீட்டுப் பெண்களின் தலையிலேயே விழுந்தது.

பால் சோதனைப் பணியில் இருந்தவர்:

ஏடு பிரிக்கும் இயந்திரம் பெரிதான பின், பல பண்ணைகளின் பால் ஓரிடத்துக்கு வரத் தொடங்கியது. டென்மார்க்கில் யெடிங் என்னும் சிற்றூரில் 1882இல் விவசாயிகள் கூடி முதல் கூட்டுறவுப் பாலகத்தை அமைத்தார்கள். எல்லோருடைய பாலும் ஒரே தொட்டியில் கலக்கும்போது யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. எடைக்கு மட்டும் பணம் என்றால் தண்ணீர் ஊற்றுபவருக்கும் ஏடு எடுத்துவிட்டுக் கொடுப்பவருக்கும் இலாபம், நேர்மையானவருக்கு நட்டம்.

அதைத் தீர்த்தது ஒரு கழுத்து நீண்ட கண்ணாடிக் குப்பி. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பாப்காக் 1890இல் அதை வெளியிட்டார். பாலில் கந்தக அமிலத்தைச் சேர்த்தால் கொழுப்பைத் தவிர மற்றவை கரைந்துவிடும். குப்பியைச் சுழற்றி வெந்நீர் விட்டால் கொழுப்பு கழுத்துக்கு ஏறி நிற்கும். அங்கே பொறித்த கோடுகளைப் பார்த்து விழுக்காட்டைப் படித்துவிடலாம். அவர் இதற்குக் காப்புரிமை பெறவில்லை, எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். சுவிட்சர்லாந்தில் கெர்பர் அமைத்த மற்றொரு முறையில்தான் நான் பணிக்காலம் முழுவதும் சோதித்தேன். பழுப்பாகக் கொதித்த குப்பிக்குள் தெளிந்த மஞ்சள் தூண் எழுவதைத் தாமே பார்க்க வேண்டும் என்று கேட்ட முதியவர்களுக்கு நான் ஒருபோதும் மறுத்ததில்லை. தம் மாட்டின் பாலை அவர்கள் அதுவரை நாக்கால் மட்டுமே அறிந்திருந்தார்கள்.

பாலாடைக்கட்டி செய்பவர்:

சுருக்கமாக ஒன்று. பழைய கல் அழுத்துபொறியில் இன்றும் வேலை செய்கிறேன். திருகால் உயர்த்தி இறக்கும் பெருங்கல் அது. தொடக்கத்திலேயே முழுப் பாரத்தையும் இறக்கினால் கட்டியின் வெளிப்புறம் இறுகி மூடிக்கொண்டு உள்ளே நீர் சிக்கிவிடும். ஆகவே இலேசாகத் தொடங்கி, கட்டியைத் திருப்பித் துணி மாற்றி, பாரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பாலைத் திரைய வைக்கும் நொதியை முன்பு கன்றின் நான்காம் இரைப்பையைக் காயவைத்து ஊறவைத்து அவரவரே எடுத்தார்கள்; வீரியம் ஒவ்வொரு முறையும் மாறும். டென்மார்க்கில் கிறிஸ்டியன் ஹான்சன் 1874 முதல் ஒரே வீரியமுள்ள சாற்றைத் தயாரித்து விற்ற பிறகே அளந்து ஊற்றும் வழக்கம் பரவியது.

கால்நடை மருத்துவம் பார்ப்பவர்:

கையால் கறப்பதைப் பற்றி அம்மா எழுதியதற்கு ஒரு தொடர்ச்சி சொல்ல வேண்டும். 1879இல் அமெரிக்காவில் அன்னா பால்ட்வின் என்னும் பெண்மணி, கை பம்பினால் உறிஞ்சிக் கறக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவும் அதையொட்டி வந்தவையும் காம்பை இடைவிடாமல் உறிஞ்சின. அதனால் காம்பின் நுனியில் இரத்தம் தேங்கி வீங்கும், மாடு துடிக்கும். 1895இல் ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஷீல்ட்ஸ் உருவாக்கிய இயந்திரத்தில் உறிஞ்சுதல் விட்டுவிட்டு நிகழ்ந்தது. பின்னர் 1903இல் ஆஸ்திரேலியாவில் கில்லீஸ் என்பவர் இரட்டை அறை கொண்ட குவளையை அமைத்தார். உள்ளே இரப்பர் உறை, வெளியே உலோகக் கூடு. இரண்டுக்கும் இடையே காற்று நுழையும்போது உறை காம்பை மூடிப் பிடித்துவிடும், காற்று உறிஞ்சப்படும்போது விரிந்து பால் வரும். அத்தையின் விரல்கள் பிடித்து விட்ட அதே தாளத்தை இயந்திரம் அடைவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.

நான் பண்ணைகளுக்குச் செல்லும்போது முதலில் பார்ப்பது அந்த இரப்பர் உறையைத்தான். அது தளர்ந்தோ வெடித்தோ போயிருந்தால் காம்புக்கு ஓய்வு கிடைக்காது. வெடிப்பில் கிருமி தங்கி மடிவீக்கம் ஒரு மாட்டிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். கறவை தொடங்குமுன் விரலை உள்ளே விட்டு, உறை சீராக இறுகி விரிகிறதா என்று பார்க்கும்படி ஒவ்வொரு பண்ணையாரிடமும் சொல்லி வருகிறேன். கையால் கறந்து பழகிய மூத்தவர்கள் அந்தத் தாளம் பிசகுவதை உடனே கண்டுகொள்கிறார்கள். இளையவர்களுக்கு அவர்களை அருகில் நிறுத்தியே கற்றுக் கொடுக்கிறேன்.